கூலிக்குப் பதில் அரிசி மூட்டை: கணக்கில் வருமா?

வணக்கம். அரிசி ஆலையில் வயரிங் வேலை செய்ததற்கு 40,000 ரூபாய் கூலிக்குப் பதிலாக அரிசி மூட்டைகள் பெற்றதாகவும், பணம் கைமாறாததால் கணக்கே வேண்டாம் என்று ஆலை உரிமையாளர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அவர் சொன்னது தவறு. 2017ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி சட்டம் தனது 7ஆம் பிரிவில் விற்பனையோடு பண்டமாற்றையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மதிப்பிடும் முறைக்கு, மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 27ஆம் விதி தரும் எடுத்துக்காட்டு எளிமையானது: பழைய கைபேசியுடன் 20,000 ரூபாய் கொடுத்துப் புதியதை வாங்கினாலும், பழையதைக் கொடுக்காமல் வாங்கினால் அதன் விலை 24,000 ரூபாய் என்றால், அந்த 24,000 ரூபாயே மதிப்பு. அவ்வாறே, உங்கள் வேலைக்கு வெளியில் கிடைக்கும் கூலியே கணக்கு.

ஆயினும் கலங்க வேண்டாம். தமிழ்நாட்டில் சேவை மட்டும் செய்பவரின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. வருமான வரிக்கு மட்டும் அரிசியின் மதிப்பைத் தொழில் வரவில் சேர்த்துவிடுங்கள். அரிசிக்கு பில் போடுவது ஆலைக்காரரின் பொறுப்பு. தேதி, செய்த வேலை, மூட்டை எண்ணிக்கை, அன்றைய விலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.