கயாக்கைக் கனூவாக மாற்றப் போகிறீர்களா? முதலில் பாதத்துக்கு இடம் பாருங்கள்

கேள்வி: ஆறு வருடமாகச் சீறிப் பாயும் ஆறுகளில் கயாக் ஓட்டி வருகிறேன். மண்டியிட்டு ஒற்றைத் துடுப்பால் ஓட்டும் மேல்தளம் மூடிய கனூவுக்கு, அதாவது சி-1க்கு, மாற ஆசை. ஒரு பழைய கயாக்கை வாங்கி நானே மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். மூன்று கண்ணில் பட்டிருக்கின்றன: 1.9 மீட்டர் விளையாட்டுக் கயாக், 2.6 மீட்டர் ரிவர் ரன்னர் (ஆற்றோட்டத்தோடு இறங்கிப் போவதற்கான கயாக்), அதே நீளத்தில் பருமனான ஒரு கிரீக் படகு (செங்குத்தான சிற்றாறுகளுக்கான கயாக்). என் எடை 80 கிலோ. அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டுமா, உருண்டையாகவா? எதை எடுக்கலாம்?

பதில்: ரிவர் ரன்னரை எடுங்கள். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்னால் அதன் இருக்கையைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள், தர மறுத்தால் வேறு படகு தேடுங்கள். அடிப்பகுதி தட்டையா உருண்டையா என்பதெல்லாம் அப்புறம் வர வேண்டிய கேள்வி.

கயாக்கில் காலை முன்னால் நீட்டி ஏறக்குறைய படகின் தரையிலேயே உட்காருகிறோம். சி-1இல் முழங்கால்கள் இரண்டும் விரிந்து தரையில் பதிந்திருக்கும், உடம்பு சுமார் 18 முதல் 22 செ.மீ. உயரமுள்ள ஃபோம் பீடத்தின் மேல் இருக்கும், முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி முழுக்கப் பின்னோக்கி மடங்கிப் பின்தளத்துக்கு அடியில் போய்விடும். கயாக்கை வடிவமைத்தவர் அந்த இடத்தில் ஒரு மனிதனின் பாதம் வரும் என்று நினைத்தே பார்த்திருக்க மாட்டார். அதனால்தான் கணுக்காலும் பாதமும் அங்கே அடங்குமா, கவிழ்ந்தால் தடையில்லாமல் வெளியே வருமா என்பதை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

சோதிப்பது எளிது. இருக்கையைக் கழற்றிய இடத்தில் ஃபோம் துண்டுகளையோ இறுக்கமாகச் சுருட்டிய துணியையோ 20 செ.மீ. உயரத்துக்கு அடுக்கி, ஆற்றில் எந்த ஷூ போடுவீர்களோ அதையே போட்டுக்கொண்டு மண்டியிடுங்கள். வெறும் காலோடு செய்தால் சோதனையே வீண், ஏனென்றால் மாட்டுவது பெரும்பாலும் குதிகாலும் ஷூவின் நுனியும்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நண்பர் ஒருவர் படகைப் புல்தரையில் பக்கவாட்டில் சாய்க்க, வெளியே வாருங்கள். பாதத்தைத் திருகாமல், யோசிக்காமல், மூன்று முறை தொடர்ந்து வர முடிய வேண்டும். ஒரு முறை மாட்டினாலும் அந்தப் படகு வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

நான் முதலில் மாற்றியது உங்கள் பட்டியலில் உள்ளது போன்ற ஒரு குட்டை விளையாட்டுக் கயாக்கைத்தான். இந்த வகைக்குப் பின்தளம் மிகவும் தாழ்வாக இருக்கும், பின்முனையை எளிதாகத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வித்தை காட்டுவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். கரையில் எப்படியோ கால் உள்ளே நுழைந்துவிட்டது, எனக்கும் அது போதும் என்று தோன்றியது. தேங்கிய தண்ணீரில் கவிழ்ந்து பார்த்தபோது வலது ஷூ தளத்தின் அடியில் சிக்கிக்கொண்டது, பக்கத்தில் நின்ற நண்பர் படகைத் திருப்பியதால்தான் மேலே வந்தேன். ஓடும் ஆற்றில் அப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு. எனவே 1.9 மீட்டர் படகை மறந்துவிடுங்கள்.

காக்பிட் திறப்பும், அதாவது நாம் படகுக்குள் நுழையும் துளையும், இதோடு சேர்ந்ததுதான். மிகப் பழைய கயாக்குகளில் திறப்பு சிறியதாக, 60 செ.மீ. நீளத்தை ஒட்டி இருக்கும், அதில் மண்டியிட்டு நுழைவதே போராட்டம். சாவித்துளை வடிவத்தில் 80 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள திறப்பு வேண்டும். தொடையைப் பிடிக்கும் கொக்கிகள் போல்ட் போட்டு மாட்டியவையா, விளிம்போடு சேர்த்தே வார்த்தவையா என்றும் பாருங்கள். வார்த்ததாக இருந்தால் அவை விரிந்த தொடையில் சரியாகக் குத்தும், வெட்டி எடுத்தால் விளிம்பு பலவீனமாகிவிடும்.

இருக்கையைக் கழற்றும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன்னும் பின்னும் நட்டுவைத்த ஃபோம் தூண்கள் மேல்தளத்தைத் தாங்குகின்றன, பல படகுகளில் இருக்கையே பக்கச் சுவர்களை விறைப்பாக நிறுத்துகிறது. பாறையில் படகு சிக்கி மேலே தண்ணீர் அழுத்தும்போது தளம் உங்கள் காலின் மேல் மடங்காமல் இருப்பது இவற்றால்தான். இடம் போதவில்லை என்று பின்தூணை வெட்டி எறிந்துவிடாதீர்கள். பீடத்தைப் பின்னால் நீட்டி, தூணோடு ஒட்டி, இரண்டும் ஒரே முதுகெலும்பாக நிற்கும்படி செய்யுங்கள். பாதங்கள் அதன் இரு பக்கமும் போகும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு. உட்காரும் உயரம் கூடுவதால் உடம்பின் எடை மையம் மேலே போகிறது, கயாக்காக இருந்தபோது உறுதியாக நின்ற அதே படகு இப்போது ஆடும். கூர்மையான விளிம்புள்ள தட்டை அடிப்பகுதி அமைதியான நீரில் நம்பிக்கை தரும், ஆனால் குறுக்கு ஓட்டத்தில் விளிம்பு பிடித்துக்கொண்டால் உயரத்தில் இருக்கும் உங்களை ஒரே வீச்சில் கவிழ்த்துவிடும். முழு உருண்டை அப்படிக் கவிழ்க்காது, முதல் சில வாரங்கள் ஓயாமல் தள்ளாடும், அவ்வளவுதான். நடுவில் ஓரளவு தட்டையாக, விளிம்பு மழுங்கலாக, முன்முனையிலிருந்து பின்முனைவரை வளைவு தொடர்ச்சியாக இருப்பதுதான் உங்களுக்கு ஏற்றது. ஒரே பக்கம் துடுப்புப் போடுவதால் படகு எப்போதும் மறுபக்கம் திரும்பப் பார்க்கும். விளிம்பில் லேசாகச் சாய்த்து ஒரு பெரிய வட்டத்தின் மேல் போவதுபோல் ஓட்டித்தான் அதை அடக்குவோம், அதற்கு நீளமும் தொடர்ச்சியான விளிம்பும் உதவும். குட்டைப் படகு சட்டென்று சுழன்றுவிடும்.

அகலம் 63 முதல் 68 செ.மீ. வரை இருக்கலாம். அதைவிட அகன்றால் துடுப்பை நேராக இறக்க முடியாமல் உடம்பை வெளியே சாய்க்க வேண்டியிருக்கும். தயாரிப்பாளர் குறிப்பிடும் எடை வரம்பில் உங்கள் 80 கிலோ நடுவிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ வரட்டும், மேல் எல்லையை ஒட்டி வேண்டாம். ரிவர் ரன்னரில் பாதத்துக்கு இடம் போதவில்லை என்றால் தயங்காமல் கிரீக் படகை எடுங்கள். கொஞ்சம் மந்தமாகத் திரும்பும், ஆனால் உள்ளே இடம் தாராளம்.

படகின் வெளி உருவத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சர்வதேச ஸ்லாலம் (தொங்கும் கம்பங்களுக்கு நடுவே ஓட்டும் பந்தயம்) விதியில் கே-1 எனப்படும் ஒருவர் ஓட்டும் கயாக், சி-1 இரண்டுக்குமே குறைந்தபட்ச நீளம் 3.50 மீட்டர், அகலம் 60 செ.மீ. என்று ஒரே அளவுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் ஜெசிகா ஃபாக்ஸ் இரண்டிலும் தங்கம் வென்றார். வெளியே இருந்து பார்த்தால் அந்தப் படகுகள் உடன்பிறப்புகள் போலத்தான் இருக்கும், பெரிய வித்தியாசம் உள்ளே உட்காரும் அமைப்பில்.

பீடத்தை உடனே ஒட்டாதீர்கள். கயாக் இருக்கை எங்கே இருந்தது என்று முதலில் மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். நீட்டியிருந்த கால்களின் எடை இப்போது பின்னால் வந்துவிடுவதால், பீடம் பெரும்பாலும் பழைய இடத்தைவிடச் சற்று முன்னால் வர வேண்டியிருக்கும். தற்காலிகமாகப் பொருத்தி, அசையாத நீரில் உட்கார்ந்து, படகின் முன்முனை அமிழ்கிறதா, பின்முனை அமிழ்கிறதா என்று கரையிலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உயரத்தையும் 22 செ.மீ.யில் தொடங்கி, மெல்ல மெல்லச் சீவிக் குறையுங்கள். தாழ்ந்தால் ஆட்டம் குறையும், ஆனால் முழங்காலும் கணுக்காலும் சீக்கிரம் மரத்துப்போகும், மரத்த காலோடு அவசரத்தில் வெளியே வருவது கடினம். வீட்டுத் தரையில் 20 நிமிடம் மண்டியிட முடியாதவர்கள் படகு வாங்கும் முன் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

மண்டியிட்ட தொடையைப் படகோடு பிணைக்கும் ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் வளையங்களைப் பசையை நம்பி ஒட்டாதீர்கள், பாலிஎதிலீனில் பசை சரியாகப் பிடிக்காது. இருக்கை போல்ட்டுகள் இருந்த பழைய துளைகளே பின்பக்க வளையங்களுக்குப் பொருத்தமான இடம். பக்கிள் ஒரே இழுப்பில் விடும் வகையாக, இரண்டு கைகளுக்கும் எட்டும்படி இருக்கட்டும். தண்ணீர் உள்ளே வராமல் இடுப்பைச் சுற்றித் திறப்பை மூடும் கயாக் ஸ்கர்ட்டையே மாட்டலாம், ஆனால் நீங்கள் உயரத்தில் இருப்பதால் இடுப்புக் குழாய் மேலே இழுபடும், விளிம்பிலிருந்து தானாகக் கழன்றுவிடாமல் இருக்கிறதா என்று சாய்ந்து, முறுக்கிப் பாருங்கள். மீதியுள்ள இடத்தில், பாதத்தைத் தொடாத அளவுக்கு, முன்னும் பின்னும் ஏர்பேக், அதாவது படகை மிதக்க வைக்கும் காற்றுப் பை, வையுங்கள்.