டானிக் அடிச்சும் பூ கொட்டுதா? சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மிளகாய்ல பூ உதிருதுன்னு பிளானோபிக்ஸ் அடிச்சேன், நின்னுச்சு. அடுத்த தடவ கொஞ்சம் தூக்கலா கலந்தேன், முன்னவிட ஜாஸ்தியா கொட்டுது. மருந்து போலியா?

அந்த தூக்கல்தாங்க வேலைய காட்டிருக்கு. அதுல இருக்கறது என்ஏஏ, ஆக்சின்ங்கற செடி வளர்ச்சி ஹார்மோன் வகை. பூவுல இருந்து காம்புக்கு ஆக்சின் இறங்கிட்டே இருக்கற வரைக்கும் காம்பு பிடிப்பா நிக்கும், அது குறைஞ்சா உதிர வைக்கற எத்திலீன் ஹார்மோன் கை ஓங்கி காம்பு விட்டுடும், அதனாலதான் நாம வெளிய இருந்து கொஞ்சம் குடுக்கறோம். ஆனா அளவு மீறுனா செடி தானாவே எத்திலீன உண்டாக்க ஆரம்பிச்சிடும். ஆப்பிள் தோட்டத்துல பிஞ்ச உதிர்க்கறதுக்குன்னே இதே என்ஏஏவ அடிக்கிறாங்கன்னா பாத்துக்கங்க! 4.5 சதவீத மருந்துன்னா 4.5 லிட்டர் தண்ணிக்கு 1 மில்லி, அதான் 10 பிபிஎம் (பத்து லட்சத்துல 10 பங்கு). மூடியில ஊத்தி அளக்காதீங்க, ஊசி போடற சிரிஞ்ச் ஒன்னு வாங்கி வச்சுக்கங்க. அப்புறம் தண்ணி காஞ்சோ இலைப்பேன் விழுந்தோ கொட்டுற பூவுக்கு இது மருந்தே இல்ல, முதல்ல அத பாருங்க.

கேள்வி: பாகல் கொடி பூரா ஆண் பூதான். எத்ரல் அடிக்கலாமா?

கொடி பந்தல் ஏறி பூத்தப்புறம் கேக்கறீங்களே. விதைச்சு 10-15 நாள்ல ஆரம்பிக்கணும், 10 லிட்டருக்கு 1 மில்லி, வாரம் ஒருக்கா 4 தடவ. எத்ரல் செடிக்குள்ள போயி எத்திலீனா பிரியும், அதுதான் பெண் பூ பக்கம் திருப்பும். ஜிப்ரலின்ங்கற வளர்ச்சி ஹார்மோன் இதுக்கு நேர் எதிர், வெள்ளரி விதை உற்பத்தி பண்றவங்க பெண் பூ மட்டும் வர்ற ரகத்துல ஆண் பூ வரவைக்க அத அடிப்பாங்க, அதனால கடைக்காரர் குடுத்தாருன்னு ரெண்டையும் கலந்து அடிச்சிடாதீங்க. பாகல்ல முதல்ல ஆண் பூ வர்றது இயல்புதான், கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்க.

கேள்வி: மா மரம் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் காய்க்குது. கல்டார் ஊத்தலாமா?

ஊத்தலாம், செப்டம்பர்ல, வேர்ப்பகுதி மண்ணுல, ஈரம் இருக்கணும். கல்டார்ல இருக்கற பேக்லோபியூட்ரசால் ஜிப்ரலின் உற்பத்திய தடுக்கும், மரம் தழைய விட்டுட்டு பூவுக்கு திரும்பும். ஆனா மண்ணுல ரொம்ப நாள் தங்கும், வருஷா வருஷம் முழு டோஸ் ஊத்துனா கொழுந்து குட்டையாகி கொத்தா நின்னுடும். கன்னுக்கும் நலிஞ்ச மரத்துக்கும் வேணவே வேணாம்.

கேள்வி: பருத்தி இலை திடீர்னு வெண்டை இலை மாதிரி விரல் விரலா ஆயிடுச்சு, வைரஸா?

பக்கத்து வயல்ல 2,4-டி அடிச்சாங்களான்னு விசாரிங்க. அதுவும் ஆக்சின் வகைதான், துளியா இருந்தா வளர்ச்சி ஊக்கி, ஏறுனா களைக்கொல்லி, பருத்திக்கு காத்துல வர்ற சாரலே போதும். இல்லன்னா உங்க டேங்க்கயே யாராச்சும் இரவல் வாங்கிட்டு போயி அத அடிச்சிருப்பாங்க. லேசா பட்டிருந்தா புதுத் தளிர் தெளிஞ்சு வரும், உடனே உழுதுடாதீங்க. களைக்கொல்லிக்கு தனி ஸ்பிரேயர் வச்சுக்கங்க, என்ன கழுவுனாலும் அதுல வேற எதையும் ஊத்த வேணாம்.