சித்தப்பாவின் படங்களுக்குப் பெயர் கிடைக்க

வணக்கம். மேலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் உங்கள் சித்தப்பா அரிட்டாபட்டி, கீழக்குயில்குடி என்று மதுரைப் பக்கத்துச் சமணச் சிற்பக் குன்றுகளில் பத்து வருடமாக அலைந்து எடுத்த படங்கள் இன்ஸ்டாகிராமில் முப்பது லைக்கோடு நின்றுவிடுகின்றன, பெரிய பக்கங்கள் பெயர் போடாமல் சுட்டுவிடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள்.

இன்ஸ்டாவோடு, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களின் இணையக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸிலும் ஏற்றச் சொல்லுங்கள். விக்கிப்பீடியா கட்டுரைகளுக்கான படங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் போகின்றன. படத்தின் பக்கத்தில் எடுத்தவர் பெயர் நிலையாக இருக்கும். கணக்கை அவரே தொடங்கட்டும். படத்தைப் பிறர் பயன்படுத்த உரிமம் கொடுக்க வேண்டியவர் எடுத்தவர்தான், அண்ணன் மகன் அல்ல!

ஆனால் அங்கே ஏற்றிய படத்தை, பெயர் போட்டு, யாரும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் அவருக்குச் சோறு போடும் படங்களைத் தொடாமல், நல்லதாக இருபது மட்டும் ஏற்றுங்கள்.

தலைப்பில் ‘மலை அழகு’ என்றெல்லாம் வேண்டாம். ஊர், குன்று, எந்தச் சமணச் சிற்பம், எந்த மாதம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் படத்தை ‘திருவிழா 3’ என்று ஏற்றிவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று புலம்பியவன் நான்.

அப்புறம், சுட்டவர்கள். 1957 பதிப்புரிமைச் (copyright) சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, உரிமையை விற்ற பிறகும் ‘இது என் படைப்பு’ என்று சொல்லும் உரிமை படம் எடுத்தவருக்கு உண்டு. மூலக் கோப்பைக் காட்டி, பெயர் போடச் சொல்லி மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். சண்டை பிறகு.