வேலை மாறும்போது 401கே பணத்தை எடுத்து ஊர்க் கடனை அடைக்கலாமா?

கேள்வி: வயது 38. டல்லாஸில் ஐ.டி. வேலை, ஆண்டுச் சம்பளம் 1,40,000 டாலர். மனைவி வேலைக்குப் போகவில்லை, வரிக் கணக்கைச் சேர்ந்தே தாக்கல் செய்கிறோம். அடுத்த மாதம் வேறு கம்பெனிக்கு மாறுகிறேன். பழைய கம்பெனியின் 401கே ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் 60,000 டாலர் இருக்கிறது. கோவையில் வாங்கிய ஃபிளாட்டுக்கு இன்னும் 40 லட்சம் ரூபாய் கடன் பாக்கி, வட்டி 8.5 சதவீதம். 401கே பணத்தை மொத்தமாக எடுத்துக் கடனை முடித்துவிடலாமா? 20 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள் என்கிறார் நண்பர்.

பதில்: எடுக்காதீர்கள். நண்பர் சொன்ன 20 சதவீதம் வரிக்கான வெறும் முன்பிடித்தம்தான். உண்மையான கணக்கு அடுத்த ஏப்ரலில் வரும்.

60,000 டாலரில் 12,000 பிடித்தம் போக 48,000 உங்கள் கைக்கு வரும். டாலருக்கு 85 ரூபாய் என்று குறைவாகவே வைத்தாலும் 40 லட்சத்து 80 ஆயிரம். கடன் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் எடுத்த 60,000 முழுவதும் அந்த ஆண்டு உங்கள் சம்பளத்தோடு சேரும். உங்கள் வருமானத்துக்கு அது 22 சதவீத வரி வரம்புக்குள் விழும். அதற்கே 13,200 டாலர் வரி. 59½ வயதுக்கு முன் எடுத்ததற்காக இன்னொரு 10 சதவீதம், அதாவது 6,000 டாலர் அபராதம். மொத்தம் 19,200. பிடித்தது 12,000தானே? பாக்கி 7,200 டாலரைக் கையிலிருந்து கட்ட வேண்டும். அதற்குள் பணம் கோவை வங்கிக்குப் போயிருக்கும்! டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்பதால் இதோடு போயிற்று. கலிஃபோர்னியாவில் இருந்திருந்தால் மாநில வரியும், மாநிலத்தின் பங்காக 2.5 சதவீத அபராதமும் சேர்ந்திருக்கும்.

நியாயமாகப் பார்த்தால் 13,200 வரியை முழு நஷ்டமாகச் சொல்ல முடியாது. ஓய்வுக்குப் பிறகு எடுத்தாலும் வரி உண்டு, அநேகமாகக் குறைந்த விகிதத்தில். ஆனால் அந்த 6,000 டாலர் வீண். உங்கள் கடனுக்கு ஓராண்டு வட்டியே சுமார் 3.4 லட்சம்தான், அபராதம் மட்டும் 5 லட்சத்தைத் தாண்டுகிறது. இன்னும் 21 ஆண்டுகள் வரியில்லாமல் வளர வேண்டிய பணம் அது என்பது வேறு.

சரி, என்ன செய்யலாம்? பணத்தைப் புதிய கம்பெனியின் 401கே கணக்குக்கோ ஒரு ஐ.ஆர்.ஏ. (தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்பு) கணக்குக்கோ நேரடி ரோல்ஓவர் செய்யுங்கள், அதாவது கைக்கு வராமல் கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றுங்கள். வரியும் இல்லை, அபராதமும் இல்லை. காசோலை உங்கள் பெயருக்கு வரக் கூடாது, புதிய கணக்கை நடத்தும் நிறுவனத்தின் பெயருக்குத்தான் எழுதப்பட வேண்டும். உங்கள் பெயருக்கு வந்தால் 20 சதவீதத்தைப் பிடித்துவிடுவார்கள். பிறகு 60 நாளுக்குள் முழு 60,000-ஐயும் போட வேண்டும், பிடித்த 12,000-ஐ உங்கள் சேமிப்பிலிருந்து ஈடுகட்டி. பலர் இடறுவது இங்கேதான். ஒன்றுமே செய்யத் தோன்றவில்லையா? பழைய கணக்கிலேயே விட்டுவிடலாம். 7,000 டாலருக்கு மேல் இருப்பு இருந்தால் உங்கள் சம்மதமில்லாமல் வெளியே தள்ள முடியாது.

கடனைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால், புதிய கம்பெனியின் திட்டம் அனுமதித்தால் 401கே-யிலிருந்தே கடன் வாங்கலாம். உங்களுக்கு உரிமையான இருப்பில் பாதி, அதிகபட்சம் 50,000 டாலர். 5 ஆண்டில் திருப்ப வேண்டும். கட்டும் வட்டி உங்கள் கணக்குக்கே போகும். ஆனால் நீங்கள் எச்1பி வேலை விசாவில் இருப்பவர் என்றால் இதைச் சொல்ல எனக்குத் தயக்கம். திடீரென வேலை போனால், அந்த ஆண்டின் வரித் தாக்கலுக்கான கடைசித் தேதிக்குள் பாக்கியை அடைக்க வேண்டும். தவறினால் அதுவும் முன்கூட்டியே எடுத்த பணமாகக் கருதப்பட்டு அதே வரி, அதே அபராதம்.

எனக்குப் பிடித்த வழி சாதாரணமானது. வேலை மாறும்போது சம்பளம் கூடினால், கூடுகிற தொகையை மாதாமாதம் ஊருக்கு அனுப்பி அசலில் கட்டுங்கள். தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க இந்திய வங்கிகள் கட்டணம் வாங்கக் கூடாது. உங்களுடையது நிலையான வட்டியா என்பதை மட்டும் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதே கேள்வியை ஊர் திரும்பப் போகிறவர்களும் கேட்கிறார்கள். நாட்டைவிட்டுப் போவது அபராதத்துக்கு விதிவிலக்கு அல்ல. அவசரப்பட்டு மூடிவிட்டுக் கிளம்ப வேண்டியதும் இல்லை. கணக்கு அங்கேயே இருக்கலாம். 401கே-யில் ஆண்டுதோறும் சேரும் வருமானத்துக்கான இந்திய வரியைப் பணம் எடுக்கும் ஆண்டுக்குத் தள்ளிவைக்க இந்தியச் சட்டத்தில் வசதி உண்டு. அதற்கான படிவத்தை, இந்தியாவில் வசிப்பவராக முழு வரிப் பொறுப்பு வரும் ஆண்டுக்கான வரித் தாக்கலின் கடைசித் தேதிக்குள் கொடுத்துவிடுவது நல்லது. இரண்டு நாட்டு வரியும் தெரிந்த ஆடிட்டரைக் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.