பிக்கப்புக்கு எத்தனை ஸ்டார்? வாசகர் கேள்விகள்

பிக்கப் வண்டி வாங்குகிறவர்கள் எடையை நம்பி ஏமாற வேண்டாம் என்று போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதி கேள்வி. திட்டை நானே வைத்துக்கொள்கிறேன், கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

கே: என் பிக்கப் இரண்டு டன்னுக்கு மேல். எதிரில் ஒரு சின்ன கார் வந்து மோதினால் யாருக்கு அடி என்று குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். பிறகு எதற்கு இந்த மோதல் டெஸ்ட்டெல்லாம்?

குழந்தை சொல்வது சரிதான், ஆனால் பாதிதான் சரி. 2,400 கிலோ பிக்கப்பும் 1,200 கிலோ காரும் தலா 60 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், இரண்டும் சேர்ந்து பிக்கப் போன திசையிலேயே 20 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். அதாவது உங்கள் வேகம் 60-லிருந்து 20-க்கு இறங்குகிறது, 40 குறைவு. கார்க்காரர் 60-லிருந்து நின்று, அதற்கு மேல் பின்னோக்கி 20 தள்ளப்படுகிறார், மொத்தம் 80. அவர் உடம்பு வாங்குகிற அதிர்ச்சி உங்களுடையதைப்போல இரு மடங்கு.

சரி, எதிரில் வந்தது கார் இல்லை, ஒரு பாலத்தின் தூணோ புளியமரமோ என்று வையுங்கள். தூண் உங்களுக்காக நகராது. அங்கே உங்கள் இரண்டு டன்னும் உங்களுக்கே எதிரி, அந்த எடையின் மொத்த வேகத்தையும் உங்கள் வண்டியின் முன்பக்கம்தான் நசுங்கி வாங்கிக்கொள்ள வேண்டும், அது ஒழுங்காக நசுங்கத் தெரியாவிட்டால் கேபின் நசுங்கும். 2001-ல் அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் ஐ.ஐ.எச்.எஸ். அமைப்பு பெரிய பிக்கப்புகளை 64 கிலோமீட்டர் வேகத்தில், முன்பக்க அகலத்தில் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் படும்படி மோதவிட்டது. அந்த நாட்டில் ஆண்டுக்கணக்காக விற்பனையில் முதலிடத்தில் இருந்த ஃபோர்டு எஃப்-150 ‘மோசம்’ என்ற கடைசித் தரத்தை வாங்கியது, ஓட்டுநர் உட்காரும் இடமே சுருங்கிப்போயிருந்தது. அதே சோதனையில் டொயோட்டா டண்ட்ராவுக்கு ‘நன்று’. இரண்டும் கனமான வண்டிகள்தானே! ஃபோர்டு புதிதாக வடிவமைத்து 2004-ல் கொண்டுவந்த எஃப்-150, அதே மோதலில் ‘நன்று’ வாங்கியது.

கே: ஐந்து ஸ்டார் சின்ன கார், நான்கு ஸ்டார் பிக்கப். எது பாதுகாப்பு?

மோதல் சோதனையில் கிடைக்கும் மதிப்பெண்தான் ஸ்டார், ஆனால் இந்த இரண்டு ஸ்டாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது. அமெரிக்க அரசின் முன்பக்கச் சோதனையில் வண்டி 56 கிலோமீட்டர் வேகத்தில் அசையாத சுவரில் மோதுகிறது, அது தன் எடையே உள்ள இன்னொரு வண்டியோடு மோதுவதற்குச் சமம். அதனால்தான் ஏறத்தாழ 113 கிலோவுக்குள் எடை வித்தியாசம் உள்ள வண்டிகளை மட்டுமே ஒப்பிடலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். விளம்பரத்தில் இந்த வரி வராது.

கே: ஒரே மாடலுக்கு ஒரு வீடியோவில் நல்ல மதிப்பெண், இன்னொன்றில் படுதோல்வி. யாரை நம்புவது?

இருவரையும் நம்பலாம், பெரும்பாலும் இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது எந்த வருடத்து வண்டி, எந்த கேபின், எந்த சீட், எந்த நாட்டுக்குப் போன வண்டி என்பதை. பிக்கப்பில் இது காரைவிடத் தலைவலி, ஏனென்றால் ஒரே பெயரில் ஒரு வரிசை சீட்டுள்ள சிங்கிள் கேப், பின்னால் கொஞ்சம் இடமுள்ள நீட்டித்த கேப், இரண்டு வரிசை முழு சீட்டுள்ள டபுள் கேப் என்று மூன்று உடம்பு விற்கும்.

2015 எஃப்-150 நல்ல உதாரணம். 2012-ல் ஐ.ஐ.எச்.எஸ். ஒரு கெட்டிக்காரத்தனமான சோதனையைத் தொடங்கியது: முன்பக்கத்தில் 25 சதவீதம் மட்டும் தடுப்பில் படும். பிக்கப்பின் சேஸிஸ் இரண்டு நீளமான இரும்புத் தண்டவாளம்போல நடுவில் ஓடுகிறது, ஓரத்தில் படுகிற அடி அந்தத் தண்டவாளத்தைத் தொடாமலே சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளி ஓட்டுநரின் காலடிக்குள் கொண்டுவந்துவிடும். சேஸிஸ் இருந்தால் டாங்கி மாதிரி என்று சொல்கிறவர்களுக்கு இந்தச் சோதனைப் படங்களைக் காட்டினால் போதும். சோதனையில் டபுள் கேப் ‘நன்று’ வாங்கியது, நீட்டித்த கேப் இரண்டு படி கீழே போயிற்று. காரணம், சக்கரத்தைத் தடுக்கும் கூடுதல் இரும்புத் துண்டுகளை ஃபோர்டு டபுள் கேப்பில் மட்டுமே வைத்திருந்தது. விஷயம் வெளியே வந்ததும் அடுத்த வருடமே மற்ற கேப்களுக்கும் வைத்தார்கள். பரீட்சைக்கு வரும் பாடத்தை மட்டும் படிக்கிற பையன் எல்லா ஊரிலும் உண்டு!

2019-ல் அதே ஓர மோதலை ஓட்டுநருக்குப் பக்கத்து சீட் பக்கமாகச் செய்தபோது, 2001-ல் நல்ல பெயர் எடுத்த டண்ட்ராவுக்கு ‘மோசம்’. 2008-ல் ஐரோப்பாவில் வண்டிகளை மோதவிட்டு ஸ்டார் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பின் சோதனையில் நிசான் நவாரா பிக்கப்புக்கு ஒரே ஒரு ஸ்டார், அந்த ஸ்டாரின் குறுக்கேயும் எச்சரிக்கைக் கோடு. ஆள் உட்காரும் கேபினின் இரும்புக் கூண்டு உடைந்ததற்காக இல்லை, ஏர்பேக்கும் சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கருவியும் தாமதமாக வெடித்ததற்காக. திருத்திய பிறகு அதே வண்டிக்கு மூன்று.

நாட்டு விஷயம் இன்னும் கசப்பு. ஆப்பிரிக்காவில் விற்ற நிசான் என்பி300 ஹார்ட்பாடி, பெயரிலேயே ‘கெட்டியான உடம்பு’, ஏர்பேக்கும் உண்டு. 2018-ல் பல நாட்டு வண்டிகளையும் இதேபோல மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் அமைப்பு சோதித்தபோது பூஜ்ய ஸ்டார். 2020-ல் ஒரு புது ஹார்ட்பாடியையும், ஐரோப்பாவில் ஓடிய ஒரு பழைய 2015 நவாராவையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். புது வண்டியின் கூண்டு மடிந்தது, செகண்ட் ஹேண்ட் வண்டியின் கூண்டு நின்றது.

கே: வளைவில் பிக்கப் சட்டென்று கவிழும் என்கிறார்களே?

உயரம் அதிகம், பின்னால் சுமை இல்லாதபோது வால் லேசு, அதனால் பழைய பிக்கப்புகளைப் பற்றி இதைச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. நிலைமையை மாற்றியது இ.எஸ்.சி. என்கிற கருவி. வண்டி வழுக்கத் தொடங்கும்போதே ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக பிரேக் போட்டு நேராக்கும். அமெரிக்காவில் 2012 மாடல் முதல் இது எல்லா கார், பிக்கப்புக்கும் கட்டாயம். ஆனால் கருவி இருந்தால் மட்டும் போதாது, சரியாகக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்: 2016-ல் ஸ்வீடன் பத்திரிகை ஒன்று, சாலையில் திடீரென்று விலங்கு வந்ததுபோல ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பியபோது டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டு சக்கரத்தில் ஏறிவிட்டது, நிறுவனம் பிறகு இ.எஸ்.சி. அமைப்பைத் திருத்தியது.

கவிழ்ந்தால் கூரை தாங்குமா என்பது அடுத்தது. அமெரிக்க விதிப்படி சுமையோடு சேர்த்து 2,722 கிலோ வரையிலான வண்டியின் கூரை, வெறும் வண்டியின் எடையைப்போல மூன்று மடங்கைத் தாங்க வேண்டும், அதற்கு மேற்பட்ட பெரிய வண்டிக்கு ஒன்றரை மடங்கு போதும். ஆம், பெரிய வண்டிக்குத்தான் சலுகை. நானும் முதலில் தப்பாகப் படித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கே: பின் சீட்டில் பிள்ளைகள். முன் சீட்டு அளவுக்குப் பாதுகாப்பா?

பெரும்பாலும் இல்லை. 2022-ல்தான் ஐ.ஐ.எச்.எஸ். தன் 40 சதவீத மோதலில் பின் சீட்டிலும் ஒரு பொம்மையை உட்காரவைத்தது. அடுத்த வருடம் சோதித்த சிறிய பிக்கப்புகளில் ஒன்றுகூட ‘நன்று’ வாங்கவில்லை. முன் சீட்டு பெல்ட்டில் வந்த நல்ல சமாச்சாரங்கள் பல பின்னால் போய்ச் சேரவே இல்லை. வாங்கும்போது பின் சீட்டு பெல்ட்டுக்கு இறுக்கும் கருவி உண்டா என்று கேளுங்கள், விற்பவர் முழித்தால் இல்லை என்று அர்த்தம்.

கே: சின்ன தூரம்தான், பின் தொட்டியில் ஆட்களை ஏற்றலாமா?

கூடாது. பெல்ட் இல்லை, கூரை இல்லை, பிரேக் போட்டாலே ஆள் வெளியே.

கே: எனக்குப் பாதுகாப்பாக இருக்கிறது, அடுத்தவன் கணக்கு எனக்கெதற்கு?

கோபப்படாமல் பதில் சொல்லப் பார்க்கிறேன். 2013 முதல் 2016 வரையிலான அமெரிக்க விபத்துகளை ஐ.ஐ.எச்.எஸ். ஆராய்ந்தபோது, மோதிய வண்டி பிக்கப்பாக இருந்தால் எதிர் காரின் ஓட்டுநர் சாகும் வாய்ப்பு, அது காராக இருந்தால் உள்ளதைவிட சுமார் இரண்டரை மடங்கு. உயரமும் ஒரு காரணம்: பிக்கப்பின் சேஸிஸ் முனை காரின் பம்பருக்கு மேலே ஏறி நேராகக் கேபினில் இடிக்கும். இதைக் குறைக்க 2003-ல் நிறுவனங்கள் தாங்களாகவே ஒப்புக்கொண்டு, 2009-க்குள் சேஸிஸ் முனையையோ அதற்குக் கீழே ஒரு கட்டையையோ கார் பம்பர் உயரத்துக்கு இறக்கின. எஸ்.யு.வி.களில் பலன் நன்றாகத் தெரிந்தது, பிக்கப்பில் எடை அப்படியே இருந்ததால் அவ்வளவு இல்லை.

நடந்து போகிறவர் கணக்கும் உண்டு. பானெட் உயரம் ஒரு மீட்டருக்கு மேல் போனால், 75 சென்டிமீட்டருக்குள் உயரமும் சரிவான முகமும் உள்ள வண்டியைவிட, அடிபட்டவர் சாகும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று 2023-ல் வந்த ஆய்வு சொல்கிறது. அந்த உயரத்துக்கு முன்னால் நிற்கும் சின்னப் பிள்ளை உங்கள் கண்ணுக்கே தெரியாது. இந்தக் கேள்வியை அனுப்பியவரே, உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் “நானும் பேரன் பேத்தி எடுத்தவன்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். நாளை காலை வண்டியை நிறுத்தி, பேரனை பானெட்டுக்கு முன்னால் நிற்கச் சொல்லிவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுநர் சீட்டில் ஏறிப் பாருங்கள், அவன் தலை தெரிகிறதா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.