பேப்பரை எடுத்துப் பார்த்தீர்களா?

கேள்வி: என் மகன் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். காலாண்டில் கணக்கில் 27 மார்க். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடப் போனபோது, மற்ற பெற்றோர் எல்லாம் நிற்கும்போதே, "வீட்டுல யாரும் நோட்டைத் திறந்து பார்க்கிறதே இல்லையா?" என்று கணக்கு சார் கேட்டுவிட்டார். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். ஒன்றரை ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வர எட்டரை, ஒன்பது ஆகிவிடும். நான் படித்ததே ஏழாவதுதான். என் கணவர் மறுநாள் போய், "சொல்லிக் கொடுக்கத்தானே உங்களுக்குச் சம்பளம்?" என்று கத்திவிட்டு வந்தார். அதிலிருந்து சார் இவனிடம் வகுப்பில் எதுவுமே கேட்பதில்லையாம். பள்ளியை மாற்றிவிடலாமா? தப்பு எங்கள் மேலா, சார் மேலா?

– வாசகி, திருப்பூர்

பதில்: பள்ளியை மாற்ற வேண்டாம். வருஷத்தின் நடுவில் டி.சி. வாங்கிக்கொண்டு போனால் அந்த 27 மார்க்கும் பையனோடு சேர்ந்து புதுப் பள்ளிக்குப் போகும், அவ்வளவுதான்.

சார் அப்படிக் கேட்டது தப்பு. நாலு பேர் முன்னால் கேட்டது இன்னும் தப்பு. இதை நான் தைரியமாகச் சொல்வேன், ஏனென்றால் நானும் இருபத்தெட்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து இதே வாக்கியத்தை எத்தனையோ அம்மாக்களிடம் சொன்னவன். என் வாய் அடைபட்டது என் மகள் ஏழாவது படிக்கும்போது. கணக்கில் 31. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அது என் வீட்டிலேயே நடந்தது. அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "வீட்டுல கொஞ்சம் கவனிங்க சார்" என்றபோது எனக்கு வந்த கோபம், உங்கள் வீட்டுக்காரருக்கு வந்த கோபத்துக்குக் குறைந்ததில்லை.

அன்று ராத்திரி அவளுடைய விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கணக்குக்கு நடுவில் −3−5 என்று வருகிறது, அவள் +8 என்று போட்டிருக்கிறாள். அடுத்த பக்கத்தில் வேறு எண்கள், அதே தப்பு. ஏன் என்று கேட்டால், "மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்தானேப்பா?" என்கிறாள். அது பெருக்கலுக்கு உள்ள விதி, கூட்டலுக்கு இல்லை. மூணு ரூபாய் கடன், மேலே ஒரு அஞ்சு ரூபாய் கடன், மொத்தம் எவ்வளவு என்று கேட்டேன். "எட்டு ரூபாய் கடன்" என்று டக்கென்று சொன்னாள். மற்றதெல்லாம் ஓரளவு தெரிந்த பெண், இந்த ஒரு இடத்தில் தடுக்கித் தடுக்கியே 31-இல் வந்து நின்றிருக்கிறாள். டீச்சர் கட்டுக் கட்டாகத் திருத்துகிற வேகத்தில் தப்பு போட்டுவிட்டு அடுத்த பேப்பருக்குப் போய்விட்டார். நானும் மார்க்கை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன்தான்.

உங்கள் வேலையிலேயே பாருங்கள். முடிந்த பீஸில் ஓட்டை இருந்தால் அது நிட்டிங்கில் விழுந்ததா, தைக்கும்போது ஊசி போட்டதா என்று துணியைப் பிடித்துப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். பார்க்காமல் டெய்லரைத் திட்ட மாட்டீர்கள். இங்கே சாரும் சரி, உங்கள் வீட்டுக்காரரும் சரி, துணியைக் கையில் எடுக்காமலே சண்டை போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 2025-26-இல் எட்டாவது படிக்கிற பையன் 2020-21-இல் மூன்றாவது படித்திருக்க வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அதாவது மூன்றாம் வகுப்பு முழுக்க வீட்டில், நான்காவதில் பாதி வீட்டில். வாய்ப்பாடும் வகுத்தலும் கையில் பழகுகிற வயசு அது. கல்வித் தொலைக்காட்சி ஓடியது, இல்லம் தேடிக் கல்வியில் சாயங்காலம் தன்னார்வலர்கள் சொல்லிக் கொடுத்தார்கள், ஆனாலும் விட்டுப்போனது எல்லாப் பிள்ளைகளுக்கும் திரும்பி வரவில்லை. உங்கள் பையனுக்கு இதுதான் காரணம் என்று நான் இங்கிருந்தே சொல்ல முடியாது. அப்படி இருந்தால் அது உங்கள் தப்பும் இல்லை, இந்த சார் தப்பும் இல்லை.

சட்டப்படி யார் பொறுப்பு என்றும் கேட்கலாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. அதன் 10-வது பிரிவு பெற்றோருக்குச் சொல்கிற கடமை, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது. அல்ஜிப்ரா சொல்லிக் கொடுக்கச் சொல்லவில்லை. 24-வது பிரிவு ஆசிரியருக்கு: பாடத்தைக் குறித்த காலத்தில் முடிக்க வேண்டும், ஒவ்வொரு பிள்ளையும் எப்படிக் கற்கிறது என்று கணித்துத் தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும், பெற்றோரை அடிக்கடி சந்தித்து அதைத் தெரிவிக்க வேண்டும். ஆக, உங்கள் கணவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, குரலில்தான் இல்லை. ஆனால் அதே சட்டம் தேர்தல் வேலைக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் ஆசிரியரை அனுப்பலாம் என்றும் 27-வது பிரிவில் சொல்லிவைத்திருக்கிறது. வாக்காளர் பட்டியலோடு தெருத்தெருவாக அலைந்துவிட்டு வந்து நாற்பது நோட்டைத் திருத்துகிற மனுஷன் எரிந்து விழுவதும் எனக்குப் புரியத்தான் செய்கிறது. அதற்காகப் பையனைத் தண்ணி தெளித்து விட்டது சரியாகிவிடாது.

இப்போது செய்ய வேண்டியது. காலாண்டுப் பேப்பர் அவன் பைக்குள் நாலாக மடித்துக் கிடக்கும், எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட பிறகு, அவனிடம் மூன்றே மூன்று கேளுங்கள்: ஏழாம் வாய்ப்பாடு, 96 பீஸை நாலு கட்டாகப் பிரித்தால் கட்டுக்கு எத்தனை, அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு. பதில் உங்களுக்கே தெரியும். அவன் விரல் விட்டு எண்ணினால், உங்கள் முகத்தைப் பார்த்தால், கோளாறு எட்டாம் வகுப்புப் பாடத்தில் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது எட்டாம் வகுப்புப் பாடத்தையே திரும்ப நடத்துகிற டியூஷனில் காசைப் போடாதீர்கள். "எனக்கும் கணக்கு வராதுடா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு அந்தப் பேப்பரோடு நீங்கள் போங்கள், கணவர் இந்தத் தடவை வர வேண்டாம். காலையில் பிரேயர் நேரத்தில் போகாதீர்கள், சாயங்காலம் கடைசி மணி அடித்த பிறகு போங்கள், அரை நாள் பெர்மிஷன் போட வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. "அன்னைக்கு அவர் பேசினது தப்புங்க சார்" என்று ஒரு தடவை சொன்னால் போதும், கெஞ்ச வேண்டாம். பேப்பரை விரித்து வைத்து, "இவனுக்கு எந்த வகுப்புப் பாடத்திலிருந்து விட்டுப்போயிருக்குங்க சார்?" என்று கேளுங்கள். கணக்கு சார் எவரும் இந்தக் கேள்விக்குப் பேப்பரைப் பார்க்காமல் இருக்க மாட்டார், நானே இருந்ததில்லை. பார்க்கவே மறுத்தால் தலைமை ஆசிரியரிடம் அதே பேப்பர், அதே கேள்வி.

இதை அரையாண்டுக்கு முன்னால் செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் எட்டாவது வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை, அடுத்த வருஷம் ஒன்பதாவதில் அந்தச் சலுகை கிடையாது.