எதை வாங்கலாம்: ஹொண்டாவா, கவசாகியா?

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணா, சேகரிப்புக்காக 1970இன் ஹொண்டா சிபி 750, 1973இன் கவசாகி இசட்1 ஆகிய இரண்டு பழைய மோட்டார் சைக்கிள்களில் ஒன்றை வாங்க விரும்புகிறார். எதைத் தெரிவு செய்யலாம்?
- வாசகர், சுன்னாகம்

பதில்: உங்கள் அண்ணாவுக்கு நான் ஹொண்டாவையே சொல்வேன். 1969இல் வெளிவந்த இந்த 736 சிசி வண்டி, நான்கு சிலிண்டர் எஞ்சினையும் முன்சில்லுக்கு டிஸ்க் பிரேக்கையும் சாதாரண மனிதர் வாங்கக்கூடிய விலையில் ஒன்றாகத் தந்து, பிரித்தானியக் கம்பனிகளைத் திகைக்க வைத்தது. அப்போது 750 சிசி வண்டியொன்றை வடிவமைத்துக்கொண்டிருந்த கவசாகி, அதைப் பெரிதாக்கி, 1972இல் 903 சிசி கொள்ளளவும் வால்வுகளைத் திறந்து மூடும் இரட்டைக் கேம் தண்டும் 82 குதிரைவலுவும் கொண்ட இசட்1 ஆக வெளியிட்டது. ஓட்டத்தில் இசட்1 வல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சேகரிப்பவர் தேடுவது முதன்முதலாகச் செய்யப்பட்டதை அல்லவா?

ஹொண்டாவைப் பார்க்கப் போகும்போது அண்ணா குனிந்து, செயினை ஓட்டும் முன் பற்சக்கரத்தின் பின்னால் உள்ள எஞ்சின் கூட்டை விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். தொடக்ககால வண்டிகளில் செயின் அறுந்து அந்த இடத்தை உடைத்ததுண்டு. ஒட்டுவேலைத் தழும்பு இருந்தால் விலையைக் குறைத்தே பேசவேண்டும். நான்கு சைலன்சர்களும் அசலா என்பதையும் பார்க்கட்டும், ஏனெனில் பலர் அவற்றைக் கழற்றிவிட்டு ஒற்றைக் குழாய் பூட்டியிருக்கிறார்கள்.

இசட்1 கிடைத்தால், அது அசல்தானா என்றறிய, அடிச்சட்ட இலக்கம் இசட்1எஃப் என்றும் எஞ்சின் இலக்கம் இசட்1ஈ என்றும் தொடங்குகின்றனவா என்று முதலில் பாருங்கள்.